ஓய்வில் தெரியும் நோய்

நோய்களில் இருவகை உண்டு. உழைக்கும்போது வருத்தி, ஓய்ந்தால் விட்டுவிடுவது ஒரு வகை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும், சுமை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதும் அந்த வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வகை இதற்கு நேர்மாறானது. பகலெல்லாம் வேலைப் பரபரப்பில் மறைந்திருந்து, இரவில் தலையணையில் தலை சாய்த்தவுடன் எழுந்து வரும். பல்வலியால் துன்புற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாம் வகை நோயாளிக்குத் தனிச் சங்கடம் ஒன்றும் உண்டு. அவர் சொல்வதை எவரும் எளிதில் நம்புவதில்லை. "பகலில் நன்றாகத்தானே நடமாடினீர்?" என்று கேட்டுவிடுவார்கள்.

மனிதருக்கு மட்டுமன்றி, மனிதர் ஆக்கிய இயந்திரங்களுக்கும் இவ்விருவகை நோயும் வருவதுண்டு என்பதை 2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பழைய காரைக் கொண்டு அறிந்தேன். அரபி இலக்கணமும் தமிழும் கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் நான்; எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. எனினும் அந்தக் காரின் நோயை ஓர் இளைஞர் நாடிச் சென்ற முறை, நாங்கள் மத்ரஸாவில் பாயில் அமர்ந்து படித்த பாடத்தோடு மிக நெருங்கிய உறவுடையதாக இருந்தது. ஒரு குடும்பத்தின் பணமும் நாணயமும் அந்த முறையைச் சார்ந்து நின்றன. அதனாலேயே இதை எழுதலானேன்.

என் மனைவியின் தம்பி பதினேழு ஆண்டுகள் துபாயில் உழைத்துவிட்டு 2014இல் ஊர் திரும்பியவர். வந்த புதிதில், சென்னையில் ஒருவரிடமிருந்து ஓர் ஐரோப்பியக் காரை இரண்டாம் கையாக வாங்கினார். 2005இல் செய்யப்பட்ட வண்டி. பெட்ரோலில் ஓடுவது, 1.8 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், அதனுடன் டர்போ. எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே வேண்டாத செய்தி. அந்த வயதில் எந்த நிறுவனத்தின் ரப்பர் குழாயும் ஏறத்தாழ ஒரே கதியைத்தான் அடைகிறது.

2018இல் அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குச் சென்றாள். கடை வருமானம் கைக்கும் வாய்க்குமாக இருந்ததால், காரை விற்றுக் கட்டணத்தைச் செலுத்துவது என்று முடிவு செய்தார். விற்பனைக்குச் சொல்லி வைத்த வாரத்திலேயே வண்டி நோயுற்றது.

நோயின் தன்மை விசித்திரமானது. நாற்கரச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ நின்றுவிட்டால் போதும். எஞ்சின் குலுங்கத் தொடங்கும். ஸ்டீயரிங் நடுங்கும். பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் உருவங்கள் இரட்டையாகத் தெரியும். முன்பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியும். நம் மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

முதலில் வண்டியைப் பார்த்த பட்டறையில் எஞ்சின் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டார்கள். "டர்போ போய்விட்டது. எஞ்சினையும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது" என்றார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்த கார் தரகர், "இந்த நிலையில் அறுபதாயிரத்துக்கு மேல் எவரும் தரமாட்டார்கள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொரு வழியும் சொன்னார். "கம்ப்யூட்டரில் கோடை அழித்துவிட்டால் விளக்கு சில நாள் எரியாது. வாங்க வருகிறவரை நேரே பைபாஸுக்கு அழைத்துப் போங்கள். நிற்காமல் ஓட்டிக் காட்டுங்கள். ஒன்றே முக்கால் லட்சம் வரும்."

அன்று இரவு என் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான், அவர் கேட்காததை நான் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா?" என்று கேட்டார்.

"விற்கும் பொருளின் குறையை அறிந்தவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை, உங்களுக்கும் ஐயமில்லை என்பதால்தான் இவ்வளவு நேரம் கழித்துக் கேட்கிறீர்கள்" என்றேன். "ஆனால் ஒன்று. குறை இன்னதென்றே நமக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாத ஒன்றைச் சொல்வதும் முடியாது. அதற்கு விலை வைப்பதும் முடியாது. முதலில் அதை அறிவோம்."

மறுநாள் இருவரும் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றோம். அங்கே தலைமை மெக்கானிக்காக இருப்பவர் என் பழைய மாணவர். நான்காம் ஆண்டு ஓதிக்கொண்டிருக்கும்போது தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை விட்டவர். ஸனது பெறாமல் போனவர் என்று ஊரில் சிலர் அவரைப் பற்றிக் குறைவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஸ்பானரும் எடுக்கவில்லை. "தம்பி, எதை மாற்றப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு எதையும் மாற்றப் போவதில்லை, ஹஜ்ரத். யார் யார் குற்றவாளி இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்" என்றார்.

இந்த விடையைக் கேட்டு என் மனம் பழைய பாடத்துக்குச் சென்றது. அதைச் சொல்லுமுன் ‘மிஸ்ஸிங்’ என்றால் என்ன என்பதைக் கூறிவிடுவது முறையாகும்.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, பிளக்கின் பொறியால் பற்றவைத்து, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு சிலிண்டர் ஒரு முறை பற்றும். கார் நிற்கையில், அதாவது ஐடிலிங்கில், எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் சுற்றுகிறது. அப்படியானால் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து நிமிடத்திற்கு 1600 முறை, வினாடிக்கு ஏறத்தாழ 27 முறை நெருப்புப் பற்ற வேண்டும். இவற்றுள் ஒன்று பற்றாமல் போனால் அதுவே மிஸ்ஸிங். சாலையில் 3000 சுற்றுகளில் ஓடும்போது வினாடிக்கு 100 முறை பற்றுகிறது. அங்கே ஒன்றிரண்டு தவறினாலும் வண்டியின் வேகம் அதை விழுங்கிவிடும். ஓய்வில் அவ்விதம் விழுங்குவதற்கு ஏதும் இல்லை. எனவே குலுங்குகிறது.

பற்றுவதற்கு மூன்று வேண்டும்: தக்க நேரத்தில் பொறி, தக்க அளவில் காற்றும் பெட்ரோலும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கசிவற்ற சிலிண்டர். எந்த எஞ்சினில் மிஸ்ஸிங் வந்தாலும் குற்றம் இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றில்தான் இருக்க முடியும்.

இனி டர்போவைப் பற்றிச் சில சொற்கள். எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் புதுக் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பதே டர்போ. வீணாகும் புகையிலிருந்து வலிமையை மீட்டெடுக்கும் இந்தக் கருத்துக்கு, ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூகி என்னும் பொறியாளர் 1905இலேயே காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் பயன்பட்ட பின்னர், 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், ஷெவர்லே ஆகிய நிறுவனங்களின் கார்களில் அது இடம்பெற்றது. 1970களின் இறுதியில் ஸ்வீடனின் ஸாப் நிறுவனம் அதை அன்றாடக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. டர்போவின் தண்டு உழைக்கும்போது நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது.

உழைக்கும்போது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கார் நிற்கையில் வெளியேறும் புகை மிகச் சிறிது. அதனால் டர்போ சும்மா சுழன்றுகொண்டிருக்குமேயன்றிக் காற்றைத் திணிப்பதில்லை. அப்படியானால், ஓய்வில் மட்டும் குலுங்கி, ஓட்டத்தில் சீராக இருக்கும் எஞ்சினில் முதல் பழியை டர்போவின்மேல் போடுவது, வேலைக்கே வராத நாளில் நடந்த தவற்றுக்கு ஒருவரைப் பிடித்துச் செல்வதைப் போன்றது. என் மாணவர் டர்போவின் வாயிலுள்ள குழாயைக் கழற்றி, தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் இருக்க வேண்டிய மிகச் சிறிய அசைவு இருந்தது. முன்னும் பின்னுமான அசைவு இல்லை. சக்கரத்தின் இதழ்கள் எங்கும் உரசியிருக்கவில்லை. பின்குழாயில் நீலப் புகையும் இல்லை. டர்போ விடுதலை பெற்றது.

அரபியில் ‘இல்லத்’ என்றொரு சொல் உண்டு. நோய் என்பது அதன் பொருள். காரணம் என்பதும் அதன் பொருள். உஸூல் நூல்களில் ஒரு சட்டத்தின் காரணத்தைக் கண்டறிய ‘ஸப்ர், தக்ஸீம்’ என்று ஒரு முறை கூறப்பட்டுள்ளது. காரணமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் வகுத்து நிறுத்த வேண்டும், இது தக்ஸீம். பின்பு ஒவ்வொன்றையும் சோதித்து, பொருந்தாதவற்றை நீக்கிக்கொண்டே வர வேண்டும், இது ஸப்ர். தமிழில் எழுதும்போது இச்சொல் பொறுமையைக் குறிக்கும் ஸப்ரைப் போலவே தோன்றும். அது ஸாது என்னும் எழுத்தில் தொடங்குவது. இது ஸீனில் தொடங்குவது. காயத்தின் ஆழத்தைக் கருவியால் அளந்து பார்ப்பதே இதன் மூலப்பொருள். மருத்துவர் காயத்தில் செலுத்தும் கோலுக்கு ‘மிஸ்பார்’ என்ற பெயர் இதிலிருந்தே பிறந்தது. எழுத்து வேறாயினும், இந்த ஸப்ருக்கு அந்த ஸப்ரும் வேண்டும் என்பதை அன்று பட்டறையில் கண்டேன்.

வகுத்தல் முடிந்தது, இனிச் சோதித்தல். ஸ்கேனரைப் பொருத்தினார். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் பிற நாடுகளுக்கும் பரவிய பொதுக் குறியீட்டு முறை அது. எஞ்சின் தண்டு ஒவ்வொரு பற்றலின்போதும் நுட்பமாக முடுக்கம் பெறுகிறது. ஏதேனும் ஒன்று தவறினால் அந்த இடத்தில் வேகம் சற்றுத் தளரும். அத்தளர்ச்சியை அளந்து, எந்தச் சிலிண்டர் தவறியது என்று கணினி குறித்து வைக்கிறது. திரையில் மூன்று குறியீடுகள் வந்தன. பி-0300 என்பது பல சிலிண்டர்களில் ஒழுங்கின்றி மிஸ்ஸிங் என்பதாகும். பி-0302 என்பது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி-0171 என்பது பெட்ரோலுக்குக் காற்று மிகுதி என்பது.

"இரண்டாவது சிலிண்டரின் காயில் போய்விட்டது போலும்" என்றார் பட்டறை முதலாளி. அது நியாயமான ஐயமே. இத்தகைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கும். வெப்பத்தில் அது பழுதுபடுவது அடிக்கடி நிகழ்வதுதான். ஆனால் என் மாணவர் புதுக் காயில் வாங்க ஆள் அனுப்பவில்லை. இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் பொருத்தினார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் பொருத்தினார். குறியீட்டை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குற்றம் காயிலுடையதாயின் அது காயிலோடு மூன்றாம் சிலிண்டருக்குச் சென்றிருக்க வேண்டும். பி-0303 என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை, பழைய பி-0302 தான் வந்தது. காயில் விடுதலை பெற்றது. இரண்டாம் பிளக்கை நான்காவதோடு மாற்றினார். அப்போதும் நோய் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிளக்கும் விடுதலை பெற்றது.

ஒரு பைசா செலவின்றி இரண்டு பொருள்கள் குற்றமற்றவை என்று தெளிவாயிற்று. இதற்கும் உஸூலில் பெயர் உண்டு: ‘தவரான்’, அதாவது உடன்சுழலுதல். ஒன்று இருக்கும்போதெல்லாம் மற்றொன்று இருந்து, அது நீங்கும்போதெல்லாம் இதுவும் நீங்கினால், முன்னது பின்னதன் காரணம் என்று கொள்ள இடமுண்டு. உடன்செல்லவில்லை என்றால் அது காரணமன்று.

அடுத்து அழுத்தச் சோதனை. எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, அவை இருந்த துளைகளில் ஒவ்வொன்றாக ஓர் அளவுமானியைத் திருகி, எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தார். நான்கு சிலிண்டர்களும் 10.5 முதல் 11.5 பார் வரை காட்டின. ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருங்கியிருந்தால் வால்வுகளும் பிஸ்டன் வளையங்களும் நலமாக உள்ளன என்று பொருள். "எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை, மாமா" என்று என் மைத்துனரிடம் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவருடைய முகத்தில் உண்டான மாற்றத்தை நான் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தின் பெரும்பகுதி அந்தச் சொல்லோடு மறைந்துவிட்டதல்லவா?

எஞ்சியிருந்தது காற்றும் பெட்ரோலும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் அதற்கு 14.7 மடங்கு காற்று வேண்டும். எஞ்சினுக்குள் நுழையும் காற்றை வாயிலிலேயே ஒரு கருவி அளக்கிறது. அந்த அளவுக்கேற்பக் கணினி பெட்ரோலை விடுகிறது. அளக்கும் கருவியைத் தாண்டிய ஓரிடத்தில் ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று திருட்டு வழியாக உள்ளே வந்துவிடும். கலவை நீர்த்துப்போகும், பொறி விழுந்தாலும் பற்றாது. எரிந்த புகையை மோப்பம் பிடிக்கும் மற்றொரு கருவி இதை உணர்ந்து சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்க முயலும். எத்தனை விழுக்காடு கூட்டுகிறது என்பதை ஸ்கேனரில் படிக்கலாம்.

ஐடிலிங்கில் அந்த எண் 22 விழுக்காடு என்று காட்டியது. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 சுற்றுகளில் நிறுத்தியபோது 4 விழுக்காட்டுக்கு இறங்கியது. "இதோ பாருங்கள், ஹஜ்ரத், ஆள் இங்கேதான் இருக்கிறான்" என்றார் மாணவர்.

ஏன் அப்படி என்று விளக்கினார். கார் நிற்கும்போது காற்றின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டேயிருக்கும். அதனால் வெளிக்காற்றின் அழுத்தத்தை 100 என்று வைத்தால், உள்ளே 30 முதல் 40 வரைதான் இருக்கும். சிறு துளை இருந்தாலும் அதன் வழியே காற்று பாய்ந்து வரும். நிற்கும் எஞ்சினுக்குத் தேவைப்படும் மொத்தக் காற்றே கொஞ்சந்தான். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும்பங்காகிவிடும். வேகத்தில் செல்லும்போது எஞ்சின் குடிக்கும் காற்று பன்மடங்கு. அதில் இதன் பங்கு அற்பம். ஒரு கைப்பிடி உப்பு கல்யாண வீட்டுத் தேக்சாவில் தெரியாது. அதுவே ஒரு கோப்பைக் கஞ்சியில் விழுந்தால் வாயில் வைக்க இயலாது அல்லவா?

இலக்கண ஆசிரியனாகிய எனக்கு இங்கே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அரபியில் அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றையும் ‘இல்லத்தின் எழுத்துகள்’ என்பார்கள். நோயுற்ற எழுத்துகள் என்று மொழிபெயர்க்கலாம். ‘யகூலு’ என்றால் ‘சொல்கிறான்’. அதன் நடுவில் வாவ் இருக்கிறது. இறுதியிலுள்ள லாம் அசைவோடு இருக்கும்வரை வாவுக்கு ஒரு குறையும் இல்லை. ‘லம்’ என்னும் எதிர்மறைச் சொல் முன்னே வந்தால் அந்த லாம் அசைவிழந்து ஸுகூன் பெறும். உடனே வாவ் வீழ்ந்துவிடும். சொல் ‘லம் யகுல்’ என்றாகிவிடும். ஸுகூன் என்ற சொல்லுக்கே ஓய்வு, அமைதி என்று பொருள். அசைவு இருக்கும்வரை நின்ற எழுத்து, ஓய்வு வந்ததும் விழுகிறது. இதைச் சொன்னபோது மாணவர் சிரித்தார். முதலாண்டில் இந்தப் பாடத்தை ஒப்பிக்க மாட்டாமல் அவர் நின்ற நாள் இருவருக்கும் நினைவிருந்தது.

இனி, ஓட்டை எங்கே என்பதே கேள்வி. பெரிய பட்டறைகளில் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, அது கசியும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். இங்கே அது இல்லை. சிலர் எளிதில் தீப்பற்றும் திரவத்தைக் குழாய்களின்மேல் தெளித்து, எஞ்சினின் ஓசை மாறுகிறதா என்று பார்ப்பதுண்டு. சூடான எஞ்சினில் அது ஆபத்தானது என்று அவர் அதைச் செய்யவில்லை. முனை மழுங்கிய ஓர் இடுக்கியால், காற்றறையைச் சேரும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்து, விட்டுப் பார்த்தார். பிரேக்குக்குச் செல்லும் குழாய்: மாற்றமில்லை. பெட்ரோல் ஆவி வரும் குழாய்: மாற்றமில்லை. மூன்றாவதாக, எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியைக் கொண்டுவந்து சேர்க்கும் குழாயைக் காற்றறையின் அருகே பிடித்தார். குலுக்கம் நின்றது, எஞ்சின் பழகிய வேலைக்காரனைப் போல் அமைதியாக ஓடியது. விட்டார், குலுங்கியது. பிடித்தார், நின்றது. மூன்று முறை செய்து காட்டினார்.

கழற்றி எடுத்தபோதுதான் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. குழாயின் வளைவில், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பதின்மூன்று ஆண்டு வெப்பத்திலும் எண்ணெய் ஆவியிலும் ரப்பர் ஊறி நைந்திருந்தது. அந்தக் குழாய் காற்றறையில் சேருமிடம் இரண்டாம் சிலிண்டரின் வாயருகே இருந்தது. அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகம் தவறியதன் காரணமும் விளங்கிற்று.

அந்தக் குழாயின் நடுவே ஒரு ஒன்வே வால்வும் இருந்தது. டர்போ உள்ள எஞ்சினில் இதற்கு முக்கியமான கடமை உண்டு. ஓய்வில் காற்றறை இழுக்கும்போது இது திறந்து ஆவியை விட வேண்டும். ஓட்டத்தில் டர்போ காற்றைத் திணிக்கும்போது இது மூடிக்கொண்டு, அந்த அழுத்தம் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் புகாமல் தடுக்க வேண்டும். மாணவர் துடைத்துவிட்டு வாயில் வைத்து ஊதினார். ஒரு பக்கம் மட்டுமே போக வேண்டிய காற்று இரு பக்கமும் போயிற்று.

டர்போ இல்லாத காரில் காற்றறைக் குழாயில் விழும் ஓட்டை எப்போதும் உள்நோக்கியே இழுக்கும். டர்போ உள்ள காரில் அதே ஓட்டை ஓய்வில் காற்றைத் திருடுகிறது. உழைப்பில், டர்போ தேடிச் சேர்த்த காற்றை வெளியே சிந்துகிறது. மேட்டில் ஏறும்போது ‘உஸ்’ என்ற ஓசை வந்ததும், இழுவை சற்றுக் குறைந்திருந்ததும் இதனாலேயே. முதல் பட்டறையினர் டர்போவைப் பழித்ததற்கு இந்த ஓசை காரணமாக இருந்திருக்கலாம். ஓசையைக் கேட்டார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை.

சென்னையிலிருந்து பொருள்கள் வர நான்கு நாள் ஆயிற்று. குழாய் 2900 ரூபாய். வால்வு 1100. "பிளக்குகள் குற்றவாளிகள் அல்ல, ஆனால் வயது கடந்தவை" என்று சொல்லி, என் மைத்துனரின் சம்மதத்துடன் நான்கையும் மாற்றினார், 2400. கூலி 1500. ஆகமொத்தம் 7900 ரூபாய். ஓடவிட்டுப் பார்த்தபோது, 22 என்று நின்ற எண் 3க்கு வந்திருந்தது. பின்கண்ணாடியில் உருவங்கள் ஒற்றையாயின.

அடுத்த வாரம் தென்காசியைச் சேர்ந்த வணிகர் ஒருவர் காரைப் பார்க்க வந்தார். என் மைத்துனர் அவரைப் பைபாஸுக்கு அழைத்துப் போகவில்லை. வாசலில் நிறுத்தியபடியே கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். வண்டிக்கு வந்த நோயையும், அதைத் தீர்த்த விதத்தையும் சொல்லி, ரசீதையும் வெடித்த பழைய குழாயையும் அவர் கையில் கொடுத்தார். வந்தவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொல்லப்பட்ட ஒன்றே முக்கால் லட்சத்தில் ஐந்தாயிரம் குறைத்துக் கேட்டார். பேச்சில்லாமல் அது கொடுக்கப்பட்டது. கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. தரகு இல்லாமல் முடிந்த வியாபாரம் என்பதால் தரகருக்கு மட்டும் சற்று வருத்தம்.

உண்மையைச் சொல்வதால் எப்போதும் இலாபம் வரும் என்று நான் எழுதவில்லை. அன்று எஞ்சின் உண்மையிலேயே பழுதாகியிருந்தால், அதைச் சொல்லி அறுபதாயிரத்துக்குத்தான் விற்றிருக்க வேண்டும். கட்டணத்துக்கு வேறு வழி தேடியிருக்க வேண்டும். அந்த முடிவுக்கும் என் மைத்துனர் ஆயத்தமாகவே பட்டறைக்கு வந்தார் என்பதை நான் அறிவேன். எனினும், காரணத்தை அறியாத ஒருவருக்கு மறைப்பது, மலிவாக விற்பது என்ற இரண்டு வழிகள்தாம் தெரிகின்றன. அறிந்தவருக்கு மூன்றாவது வழியும் புலப்படுகிறது.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தினருக்குச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன். வண்டி நிற்கும்போது மட்டும் குலுங்குகிறதா, ஓடும்போதும் குலுங்குகிறதா என்பதைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வழக்கு அதிலேயே தெளிந்துவிடும். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுங்கள். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வடிகட்டிக்குள் சென்று எரிந்து, விலையுயர்ந்த அந்தப் பொருளைப் பாழாக்கிவிடும். குறியீடு ஒரு சிலிண்டரின் பெயரைச் சொன்னால், அந்த இடத்துப் பொருளை உடனே புதிதாக வாங்காமல், பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று எவரேனும் கூறினால், அழுத்தச் சோதனையின் எண்களைக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் கோபம் கொள்ளமாட்டார்.

என் மாணவருக்கு மத்ரஸாவின் ஸனது கிடைக்கவில்லை என்பது உண்மையே. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஸப்ர், தக்ஸீம் பாடம் நடத்தும் நாள் வரும்போது, முதல்வரின் அனுமதி பெற்று அவரை வகுப்புக்கு அழைத்து வருகிறேன். வரும்போது ஒரு பழைய காயிலையும், வெடித்த ஒரு குழாயையும் எடுத்து வருகிறார். மாணவர்கள் அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறார்கள்.